வாசலைக் காட்ட ஆள் வேண்டும்

வெளியூர்க்காரர்களுக்கு ஆயக்குடி என்றால் கொய்யா. பழனி மலையடிவாரத்தில் விளைந்து, ஊர்ச் சந்தையிலிருந்து பெட்டி பெட்டியாக ஏறிப்போகும் பழம். பயிர் நோய்களை ஆராய்பவர்களுக்கு இதே ஊர்ப்பெயர் வேறொரு காரணத்தால் தெரியும். கொய்யாவின் வேரில் முடிச்சு முடிச்சாக வீக்கம் உண்டாக்கி, இலையை வெளுக்கவைத்து, கடைசியில் மரத்தையே பட்டுப்போகச் செய்யும் மெலாய்டோகைன் என்டரோலோபி என்ற நூற்புழு, இந்தியாவில் கொய்யாவில் முதன்முதலாகப் பதிவானது ஆயக்குடி வட்டாரத்தில்தான். அந்தச் செய்தி ஆய்விதழில் வெளிவந்த ஆண்டு 2016. பிரேசிலின் வடகிழக்கில் இருக்கும் கொய்யாத் தோட்டக்காரர்கள் இதே புழுவை 2001லேயே சந்தித்துவிட்டார்கள். நாற்றோடும் மண்ணோடும் அது ஊர்விட்டு ஊர் போகும், பட்டுப்போன மரத்தின் குழியில் புது நாற்றை ஊன்றினால் அதையும் விடாது என்பதெல்லாம் நட்டப்பட்டவர்கள் கற்ற பாடம். அந்த அனுபவம் உலகத்தில் ஏற்கெனவே இருந்தது. மரம் ஏன் வாடுகிறது என்று புரியாமல் நின்ற ஆயக்குடிக்காரர் ஒருவர் அது இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேர வழி இருந்ததா என்பதுதான் கேள்வி.

இன்று அதே நிலையில் இருப்பவர் வாட்ஸ்அப் குழுவில் கேட்பார். அந்தக் குழுவுக்குள் நுழைய, உள்ளே இருக்கும் யாரையாவது தெரிந்திருக்க வேண்டும். எந்தக் குழு எங்கே இருக்கிறது என்று காட்டும் பொதுப் பட்டியல் கிடையாது. 1024 பேருக்கு மேல் இடமும் கிடையாது. காலை வணக்கப் படங்களுக்கும் கட்சிச் சண்டைக்கும் நடுவே அவர் கேள்வி அரைநாளில் மேலே போய் மறைந்துவிடும். முகநூலில் கேட்டால், அந்தக் கேள்வி யார் கண்ணில் படவேண்டும் என்பதை நிறுவனத்தின் கணக்கீடு முடிவு செய்யும். இரண்டுக்கும் மாற்றாகச் சொல்லப்படுபவை மாஸ்டடான், லெம்மி போன்ற பரவலாக்கப்பட்ட சமூகத் தளங்கள். ஒரு கம்பெனியின் கட்டடத்தில் எல்லோரும் குடியிருக்காமல், ஆளுக்கும் அமைப்புக்கும் தனித்தனி சர்வர் இருக்க, அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் ஏற்பாடு இது. ஜிமெயிலில் இருப்பவர் வேறு நிறுவனத்தின் மின்னஞ்சலுக்கு எழுத முடிவதைப் போலத்தான். இவை பேசிக்கொள்ளும் ஆக்டிவிட்டிபப் என்ற பொது நெறிமுறை 2018 ஜனவரியில் சர்வதேசத் தரமாக ஏற்கப்பட்டது. தொழில்நுட்பம் தயாராகி ஆண்டுகள் பல ஆகிவிட்டன. ஆனாலும் புதிதாக வருபவர் உள்ளே வந்து, சுற்றிப் பார்த்து, ஆளே இல்லை என்று நினைத்துத் திரும்பிப் போய்விடுகிறார். வாசலை யாரும் கட்டாததே இதற்குக் காரணம் என்பதும், அதைத் தமிழில் கட்டுவது நம் வேலை என்பதும் என் கருத்து. நாம் ஒருமுறை அதைச் செய்தும் இருக்கிறோம்.

இதைப் பற்றித் தமிழ் வாசகர் ஏன் கவலைப்பட வேண்டும் என்பதற்கு நம் சொந்த இழப்புக் கணக்கே போதும். 2000களின் தொடக்கத்தில் மரத்தடி, ராயர் காப்பி கிளப், அகத்தியர் என்று யாஹூ குழுமங்களில் தமிழர்கள் இலக்கியமும் வரலாறும் மருத்துவமும் பேசிக் குவித்தார்கள். யாஹூ 2019 இறுதியில் குழுமங்களின் பழைய சேமிப்பை அழித்து, 2020 டிசம்பரில் சேவையையே மூடியது. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் போனது. 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தபோது, டிக்டாக்கில் சிற்றூர்க் கலைஞர்கள் சேர்த்து வைத்திருந்த பார்வையாளர் கூட்டம் ஒரே இரவில் கலைந்தது. தடை சரியா என்பது வேறு விவாதம். கலைந்த கூட்டத்தை இன்னோரிடத்துக்குக் கூட்டிப்போக அவர்களுக்கு வழி இல்லாமல் போனது என்பதே இங்கே முக்கியம். இந்திய மொழிகளுக்கென்றே வந்து தமிழிலும் இயங்கிய கூ என்ற செயலி, 2024 ஜூலையில் கடையைக் கட்டியது. வாடகை வீட்டில் எவ்வளவு நேர்த்தியாகக் கோலம் போட்டாலும், வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லும் நாளில் கோலத்தை எடுத்துப்போக முடியாது.

மாற்று வீட்டுக்குக் கூட்டம் கிளம்பிப்போன சந்தர்ப்பங்களும் உண்டு. உச்ச நீதிமன்ற மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டபோது, 2019 நவம்பரில் இந்தியர்கள் பலர் எதிர்ப்புக் காட்டி மாஸ்டடானில் கணக்குத் தொடங்கினார்கள். பெரும்பாலானோர் தங்கவில்லை. 2022 அக்டோபர் இறுதியில் ட்விட்டர் எலான் மஸ்க் கைக்குப் போனதும் உலகளவில் அதுவே பெரிதாக நடந்தது. மாதம் 3 லட்சம் பேர் அளவில் புழங்கிய மாஸ்டடானில் அந்த எண்ணிக்கை ஓரிரு மாதங்களில் 25 லட்சமானது என்று அதை உருவாக்கிய யூஜென் ரோச்கோவே எழுதினார். அடுத்த சில மாதங்களில் அதில் பெரும்பங்கு கரைந்தது. வந்தவர்களை வாசலிலேயே நிறுத்திய கேள்வி, எந்த சர்வரில் சேரப் போகிறீர்கள் என்பது. ஊருக்குப் புதிதாக வந்தவரிடம் பேருந்தை விட்டு இறங்கும் முன்பே எந்தத் தெருவில் குடியிருக்கப் போகிறாய் என்று கேட்பதற்கு இது சமம். தெருவைப் பார்க்காமல் எப்படிச் சொல்வார்? இதை உணர்ந்துதான் 2023 மே மாதத்தில் மாஸ்டடான், தன் சொந்தப் பெரிய சர்வரையே முதல் தேர்வாக முன்வைக்கும்படி சேரும் முறையை மாற்றியது. சேர்வது எளிதானது. ஆனால் எல்லோரும் ஒரே சர்வரில் குவிந்தால் பரவலாக்கம் என்ற சொல்லுக்கே பொருள் இல்லை என்ற கண்டனமும் உடனே எழுந்தது.

சேர்ந்த பிறகு வரும் இடையூறு இன்னும் நுட்பமானது. லெம்மியில் சிறிய சர்வர் ஒன்றில் கணக்குத் தொடங்கியவர் தேடுபெட்டியில் கொய்யா என்று அடிக்கிறார். ஒன்றும் வருவதில்லை. அப்படி ஒரு குழு உலகில் இல்லை என்று அவர் முடிவுகட்டுகிறார். உண்மையில், அந்த சர்வரில் இருக்கும் யாராவது ஒருவர் முன்பே போய்ச் சேர்ந்திருக்கும் வெளிக்குழுக்களை மட்டுமே அந்த சர்வர் அறியும். கிராமத்து மளிகைக் கடையில் முன்பு யாரோ கேட்டு வரவழைத்த சரக்குதான் அடுத்தவருக்கும் கிடைக்கிறது என்பது போல. குழுவின் முழு முகவரியையும் சர்வர் பெயரோடு சேர்த்து அடித்தால் அது வந்துவிடும். ஆனால் முழு முகவரி தெரிந்தவருக்குத் தேடலே தேவையில்லையே. மாஸ்டடானில் ஒரு குறிச்சொல்லைத் தேடும்போதும் கதை இதுதான். மொழி வடிகட்டி இன்னொரு கண்ணி. லெம்மியில் தமிழும் ஆங்கிலமும் மட்டும் போதும் என்று தேர்ந்தெடுத்து, ‘மொழி குறிப்பிடாதவை’ என்பதை விட்டுவிட்டால், பெரும்பாலான பதிவுகள் திரையிலிருந்தே காணாமல் போகும். ஏனென்றால் பெரும்பாலானோர் மொழியைக் குறிப்பிடுவதே இல்லை. மாஸ்டடானிலோ, கைபேசியில் ஆங்கில முகப்பை வைத்துக்கொண்டு தமிழில் எழுதும் நம்மவர் பதிவுகள் ஆங்கிலம் என்ற முத்திரையோடு போய்விடுகின்றன. தமிழை மட்டும் கேட்பவருக்கு அவை எட்டுவதில்லை, ஆங்கிலம் கேட்பவருக்குப் புரிவதில்லை. தமிழில் ஆளே இல்லை என்ற எண்ணம் இப்படித்தான் உருவாகிறது. ஆள் இருப்பதும் அவர் கண்ணில் படுவதும் இரண்டு வேறு சங்கதிகள்.

இங்கேதான் நம் பழைய அனுபவத்தைக் கவனமாகப் பார்க்க வேண்டும். 2003 வாக்கில் தமிழில் வலைப்பதிவுகள் தொடங்கியபோது நிலைமை இதேதான். சென்னையில் ஒருவர், டொராண்டோவில் ஒருவர், சிங்கப்பூரில் ஒருவர் என்று தனித்தனி முகவரிகளில் எழுதினார்கள். மையம் என்று ஒன்று இல்லை. ஒருவர் இன்னொருவரைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் யாராவது சொல்ல வேண்டும். வலைப்பதிவர் மதி கந்தசாமி முகவரிகளைக் கையாலேயே தொகுத்துப் பட்டியல் வைத்திருந்தார். 2004இல் காசி ஆறுமுகம் தமிழ்மணம் என்ற திரட்டியைத் தொடங்கினார். எழுதுபவர் எங்கே வேண்டுமானாலும் எழுதலாம். அவருடைய செய்தியோடையைப் படித்து, புதிய இடுகையின் தலைப்பையும் முதல் சில வரிகளையும் திரட்டி தன் முகப்பில் காட்டும். படிக்க வேண்டுமானால் வாசகர் எழுதியவரின் வீட்டுக்கே போக வேண்டும். எழுத்து எழுதியவரிடமே இருந்தது, வாசல் மட்டும் பொதுவாக இருந்தது. இந்த ஒரு பிரிவினை எவ்வளவு பெரிய காரியம் என்பது இன்றைய தளங்களோடு ஒப்பிட்டால்தான் புரியும். பின்னால் தேன்கூடு, தமிழ்வெளி, திரட்டி என்று வேறு வாசல்களும் வந்தன. தமிழ்மணம் வாரம் ஒருவரை நட்சத்திரமாக முன்னிறுத்தியது. வலைச்சரம் இன்னும் ஒருபடி மேலே போய், வாரம் ஓர் ஆசிரியரை அமர்த்தி, அவர் தனக்குப் பிடித்த மற்றவர்களின் பதிவுகளை அறிமுகம் செய்யும் ஏற்பாட்டைப் பல ஆண்டுகள் நடத்தியது. புதியவரை உள்ளே அழைத்து வருவதையே வேலையாக வைத்துக்கொண்ட இப்படி ஒரு சுழற்சி முறை, பெரும் பணமும் பொறியாளர் படையும் உள்ள இன்றைய தளங்களில் அரிது. முறையான சம்பளம் எதுவும் இல்லாமல் தமிழர்கள் அதைச் செய்தார்கள்.

திரட்டிகளைப் புகழ்ந்து நிறுத்திவிடுவது நேர்மையாகாது. அவற்றின் தவறுகளிலிருந்து கற்க வேண்டியது அவற்றின் வெற்றியில் கற்க வேண்டியதைவிட அதிகம். புதிதாகப் பின்னூட்டம் வந்த இடுகைகளை முகப்பில் காட்டியதும், தன் இடுகைக்குத் தானே பின்னூட்டம் போட்டு மேலே கொண்டுவரும் பழக்கம் முளைத்தது. பதிவர்களே அதற்குப் ‘பின்னூட்டக் கயமை’ என்று பெயர் வைத்தார்கள். சூடான இடுகைகள் என்ற பகுதி வந்ததும் தலைப்புகள் சூடாயின, உள்ளே சரக்கு ஆறிப்போயிருந்தாலும். வாக்குப் பட்டை வந்ததும், நீ எனக்குப் போடு நான் உனக்குப் போடுகிறேன் என்ற பண்டமாற்று வந்தது. போலிப் பெயரில் ஆபாசப் பின்னூட்டம் இடுவோரின் தொல்லை பெருகியபோது, மறுமொழி மட்டுறுத்தல் வைத்திருப்போரின் இடுகைகளுக்கு வரும் பின்னூட்டங்களை மட்டுமே திரட்டுவோம் என்று தமிழ்மணம் விதி போட்டது; தணிக்கை என்று ஒரு தரப்பும், எப்போதோ செய்திருக்க வேண்டியது என்று இன்னொரு தரப்பும் வாதாடின. யாரைச் சேர்ப்பது, யாரை விலக்குவது என்ற சச்சரவு கடைசிவரை தீரவில்லை. எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதான்: ஒரே முகப்பு, எல்லோருக்கும் ஒரே வரிசை. சல்லடை திரட்டியின் கையில் இருந்தது, வாசகரின் கையில் இல்லை. மொக்கை பிடிக்கும் என்பவருக்கும் மொக்கையே ஆகாது என்பவருக்கும் ஒரே பக்கம். அதனால் அந்தப் பக்கத்தில் இடம்பிடிப்பதே போட்டியாயிற்று. இன்னொரு பலவீனம், ஒருவர் தோளில் நின்றது. தேன்கூட்டை உருவாக்கியவர் 2007இல் காலமான பிறகு அது நெடுநாள் நிற்கவில்லை. மற்றவையும் முகநூல் வெள்ளத்தில் ஒவ்வொன்றாக மங்கின.

ஆகவே நமக்கு வேண்டியது இன்னொரு தமிழ்மணம் அல்ல. சிறிய சிறிய கைப்பட்டியல்கள் பல வேண்டும். ஒவ்வொன்றையும் யார் தொகுத்தார், எப்போது சரிபார்த்தார், எந்த அளவுகோலில் சேர்த்தார் என்பது வெளிப்படையாக இருக்க வேண்டும். பிடிக்காதவர் அதைப் படியெடுத்து, தனக்கு வேண்டாததை நீக்கித் தன் பட்டியலாக வெளியிட முடிய வேண்டும். புளூஸ்கை என்ற சமூகத் தளம் 2024 ஜூனில் கொண்டுவந்த தொடக்கத் தொகுப்புகள் இதற்கு அருகில் வருகின்றன. ஒரு துறையில் யாரைப் பின்தொடரலாம் என்று பயனர் ஒருவர் 150 பேர் வரை சேர்த்து ஒரு சுட்டியாகக் கொடுக்கலாம். புதிதாக வருபவர் ஒரே தட்டில் வெற்றுத் திரையைக் கடந்துவிடுகிறார். அதன் அபாயத்தையும் மறைக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே பெயர் பெற்றவர்களே எல்லாத் தொகுப்பிலும் இடம்பெற்று, மேலும் பெயர் பெறக்கூடும். தொகுப்பவர் ஒவ்வொரு முறையும் சில புதுப் பெயர்களைச் சேர்த்தே ஆகவேண்டும் என்ற வலைச்சரம் பாணி வழக்கம்தான் அதற்கு மருந்து. இனி வடிகட்டல். லெம்மி 2023 இறுதியில், ஒரு சர்வரில் இருக்கும் குழுக்கள் அத்தனையையும் தன் கண்ணில் படாமல் தனிப்பயனர் மறைத்துக்கொள்ள வழி தந்தது. மாஸ்டடானில் சொற்களை வைத்து வடிகட்டலாம், குறித்த காலத்துக்கு மட்டும்கூட. தேர்தல் முடியும்வரை கட்சிப் பெயர்கள் வேண்டாம் என்று வைத்துக்கொள்ளலாம். இவை இருப்பதே பெரும்பாலோருக்குத் தெரியாது. விளக்கம் ஆங்கிலத்தில் இருக்கிறது, அதுவும் கணினிக்காரர்களின் ஆங்கிலத்தில். ‘மொழி குறிப்பிடாதவை’ என்பதைத் தேர்விலிருந்து நீக்கிவிடாதே என்று தமிழில் எழுதிய ஒரே ஒரு வரி பல பேரைத் திரும்பிப் போகாமல் தடுத்திருக்கும்.

பெரிய தளங்களின் கணக்கீடு இந்த வேலையை இதைவிட நன்றாகச் செய்யுமே என்ற மறுப்பு வலுவானது. அதற்கு இதே பழனி மலையில் சான்று இருக்கிறது. கொடைக்கானலில் 2001இல் மூடப்பட்ட இந்துஸ்தான் லீவர் தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசக் கழிவு, தொழிலாளர்களின் உடல்நலம் ஆகியவை பற்றிய போராட்டம் ஆண்டுக்கணக்கில் நடந்தது. 2015 ஜூலை இறுதியில் இதைப் பற்றிப் பாடகி சோஃபியா அஷ்ரஃப் பாடிய காணொளி யூடியூபில் வெளியாகி உலகம் முழுக்கப் பரவியது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது. அந்த வீச்சு சின்ன சர்வர் எதிலும் கிடைத்திருக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஊரைக் கூட்டுவதும் கூடிப் பேசுவதும் ஒன்றல்ல. பறையடிக்கப் பெரிய தெரு வேண்டும். அதற்குப் பிறகு பல ஆண்டுகள் மருத்துவ அறிக்கைகளை ஒப்பிடவும், மண்ணைச் சுத்தம் செய்யும் அளவுகோல் பற்றிக் கேள்வி கேட்கவும், வேறு நாட்டில் பாதரசத்தால் பாதிக்கப்பட்டவர்களோடு பேசவும் நிலையான ஒரு திண்ணை வேண்டும். கணக்கீடு புதியதையும் பரபரப்பையும் தேடிப் போகும் இயல்புடையது. நூற்புழுவுக்குப் பரபரப்பு இல்லை. அது மண்ணுக்கடியில் மெல்ல வேலை செய்யும்.

அடுத்த மறுப்பைச் சொல்பவர்கள் அந்தத் தளங்களில் பல ஆண்டுகளாக இருப்பவர்களே, அதனால் கூடுதல் மரியாதையோடு கேட்க வேண்டும். எளிதில் கண்டுபிடிக்க முடியாமல் இருப்பதே எங்களுக்குக் காவல், பட்டியல் போட்டால் வம்பர்களும் அதே பட்டியலைப் பிடித்து வருவார்கள் என்கிறார்கள். பெண்கள், தலித்துகள், திருநங்கையர் நடத்தும் குழுக்களுக்கு இது கற்பனைப் பயமல்ல. தமிழ் இணையத்தில் அவர்கள் பட்டதைப் பார்த்தவர் யாரும் அதைக் கற்பனை என்று சொல்லமாட்டார்கள். இதற்கு ஒரு நடைமுறை ஏற்கெனவே இருக்கிறது. 2023 செப்டம்பரில் வெளியான மாஸ்டடான் 4.2இல், சம்மதம் தெரிவித்தவர்களின் பதிவுகள் மட்டுமே பொதுத் தேடலில் வரும்படி வைத்தார்கள். பட்டியலுக்கும் அதே விதி பொருந்தும்: கேட்டுச் சேர்ப்பது, கேட்டால் நீக்குவது, காரணம் கேட்காமல் நீக்குவது. தமிழ்மணத்தில் பதிவர்கள் தாமே வந்து முகவரி கொடுத்தார்கள். சம்மதம் அங்கே இயல்பாகவே இருந்தது. ஆனால் ஒளிந்திருப்பதைப் பொது விதியாக்கினால், துணை தேடி வரும் அதே தலித் மாணவிக்கும் அந்தக் குழு கிடைக்காமல் போகிறது. அவர் போய்ச் சேரும் இடம், வம்பர்களும் எளிதாகப் புழங்கும் பெரிய தளம்தான். கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கட்டும். கதவே இல்லாத சுவராக அது ஆகிவிடக் கூடாது.

யார் செய்வது என்பதற்கு அரசு என்று சட்டென்று சொல்லத் தோன்றும். ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் தன் அமைப்புகளுக்கென்று ஒரு மாஸ்டடான் சர்வரைச் சோதனையாகத் தொடங்கி, தொடர்ந்து நடத்தப் பொறுப்பேற்க எந்த அமைப்பும் முன்வராததால் 2024 மே மாதத்தில் மூடிவிட்டது. ஆணையால் தொடங்குவது ஆர்வம் இல்லாவிட்டால் நிற்காது. சர்வர் நடத்துவது செலவும் இரவுபகல் கவலையும் உள்ள வேலை. பட்டியல் தொகுப்பது அப்படியல்ல, அதற்கு வேண்டியது பொறுமையும் பகுத்தறியும் பழக்கமும். அந்தப் பழக்கத்தையே தொழிலாகக் கற்றவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள்: நூலகர்கள். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துவதை நூலகத்தின் விதிகளில் ஒன்றாக 1931லேயே வகுத்த எஸ்.ஆர். ரங்கநாதன் சீர்காழிக்காரர். சுதந்திர இந்தியாவில் முதல் பொது நூலகச் சட்டம் 1948இல் வந்ததும் சென்னை மாகாணத்தில்தான். ஊருக்கு ஊர் கிளை நூலகம் இருக்கிறது. கட்டற்ற மென்பொருளையும் மின்னூல்களையும் தமிழில் பரப்பிவரும் கணியம் அறக்கட்டளை போன்ற தன்னார்வ அமைப்புகள் இருக்கின்றன. ஆயக்குடியையே எடுத்துக்கொண்டால், அரசுப் பணித் தேர்வுக்கு வார இறுதிகளில் இலவசமாகப் பயிற்சி தரும் மரத்தடி மையத்துக்கு வெளி மாவட்டங்களிலிருந்தெல்லாம் இளைஞர்கள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். யாரோ ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லித்தான் அத்தனை பேரும் வழி கண்டார்கள். மரத்தடி என்ற பழைய யாஹூ குழுமத்துக்கும் இந்த மையத்துக்கும் ஒரே பெயர் அமைந்தது தற்செயல்தான், ஆனாலும் பொருத்தமான தற்செயல்.

முதல் முயற்சி சிறிதாகவே இருக்கட்டும். கொய்யா சாகுபடி, நூற்புழு, பழனி மலைக் காடு, போட்டித் தேர்வு என்று நான்கு தலைப்பு. ஒவ்வொன்றிலும் எந்த சர்வரில் எந்தக் குழு, என்ன மொழி, கடைசியாக அங்கே யாராவது பேசிய தேதி, நடத்துபவர் சம்மதித்தாரா என்பது. கீழே தொகுத்தவர் பெயர், அடுத்த மாதம் யார் சரிபார்ப்பார் என்பது. அச்சிட்டால் ஒரு பக்கம், நூலக அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். உண்மையைச் சொன்னால், இன்றைக்குத் தொகுத்தால் தமிழ் என்ற பத்தியில் பல கட்டங்கள் காலியாகவே இருக்கும். இருக்கட்டும். பிரேசில்காரர்கள் போர்ச்சுக்கீசிய மொழியில் பேசும் ஒரு குழுவின் முகவரி அந்தப் பக்கத்தில் இருந்தால், மொழிபெயர்ப்புச் செயலியின் துணையோடு ஒருவராவது அங்கே போய்த் தன் தோட்டத்து வேரின் படத்தைக் காட்டிக் கேட்பார். கேட்டுத் தெரிந்ததைத் தமிழில் சொல்ல அவருக்கு ஓர் இடம் வேண்டியிருக்கும். காலிக் கட்டங்களில் எதை முதலில் நிரப்புவது என்பது அப்போது தெரியும்.